பேழை இல்லத்து உப்புக் கணக்கு

கருவாடு நாறும் என்று சொல்கிறவர்களுக்குக் கருவாடு போடத் தெரியாது, இன்ஸ்பெக்டர் சார். நான் எக்கியார்குப்பத்துப் பெண். எங்கள் அம்மா போட்ட வஞ்சிரக் கருவாட்டைப் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்தாலும் வாசனை வராது. மேலே உப்பைத் தூவி வெயிலில் போட்டால் முடிந்தது என்று அவசரக்காரர்கள் நினைக்கிறார்கள். உப்பு உள்ளே இறங்க வேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். நீங்கள் எங்கள் பூங்காவைச் சுற்றிப் பார்த்தபோது மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தீர்களே, அதனால்தான் சொல்கிறேன். தேவையே இல்லை.

என் பெயர் ஞானமேரி. மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற 'பேழை இல்லம்' என்ற விலங்குப் பூங்காவுக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது, லாப நோக்கம் இல்லாத டிரஸ்ட் அது. தொடங்கியவர் மேத்யூ சார். ஈமு கோழி வளர்த்துப் போண்டியானவர்கள் விட்டுப்போன ஈமு, பீச்சில் பிள்ளைகளைச் சுமந்து கிழடுதட்டிய ஒட்டகம், மட்டக்குதிரை, கழுதைகள் என்று யாருக்கும் வேண்டாததை எல்லாம் கொண்டுவந்து சேர்த்தார். என்னையும் அப்படித்தான் சேர்த்தார். புருஷன் போன பிறகு கதியற்று மாதா கோயில் வாசலில் நின்றவளைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் அவரை நினைக்காத நாள் இல்லை.

நன்கொடைக்கு வழி கண்டுபிடித்தது நான். எங்கள் பங்குக் கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று இருவர் நிற்பார்கள். அந்த உறவு ஆயுசுக்கும். கிறிஸ்துமஸ் வந்தால் பிள்ளைக்குத் துணி எடுத்துத் தர வேண்டும். நான் விலங்குகளுக்கு ஞானப் பெற்றோர் பிடித்தேன். ஆரோவில்லில் வேலை செய்கிறவர்கள், புதுச்சேரி டாக்டர்கள், துபாய்க்குப் போன பெரிய முதலியார்சாவடிப் பையன்கள் எல்லாரும் சேர்ந்தார்கள். அவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புவார்கள், நான் மாதாமாதம் பிள்ளையின் போட்டோ அனுப்புவேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஒட்டகத்துக்கு ஜரிகை வைத்த போர்வை வந்தது. எனக்கே அப்படி ஒன்று வந்ததில்லை.

ஒரு மாசி மாதத்தில் லூர்து செத்துப்போனது. லூர்து என்பது ஈமு. அதன் ஞானத்தாய் லிடியா டீச்சர் அதற்குப் பாசிமாலை கோத்து வைத்துக்கொண்டு, ஈஸ்டருக்கு நேரிலேயே வருவதாகப் போன் செய்திருந்தார்.

வேறு பூங்காவாக இருந்தால் இன்னொரு ஈமுவை வாங்கி, அதற்கும் லூர்து என்று பெயர் வைத்துக் காட்டியிருப்பார்கள். அது மோசடி, சார். ஒருத்தியின் ஞானப்பிள்ளை என்று யாரோ ஒரு பிள்ளையைக் காட்டுவது பாவம். எனக்கு அந்தப் புத்தி வராது. நான் அதே லூர்துவைத்தான் காட்டினேன். வயிற்றைச் சுத்தம் செய்து, கல்லுப்பு அடைத்து, வெயிலில் காயவைத்து, வேலிக்கு உள்ளே நிறுத்தினேன்.

டீச்சர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். "முன்னெல்லாம் கொத்த வரும் மேரி. இப்ப பாரு, எவ்ளோ சாதுவா நிக்குது!"

"வயசாவுது இல்லீங்களா டீச்சர். பக்குவம் வந்துடுச்சு" என்றேன். அடுத்த மாதம் அவர் அனுப்புகிற பணத்தைக் கூட்டிவிட்டார்.

அடுத்ததாக ஒட்டகம் போனது. அதற்கு வயசு முடிந்துவிட்டது. அதற்கடுத்தது மட்டக்குதிரை. அதற்குக் காய்ச்சல், எப்படியும் போயிருக்கும். கழுதைகளுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் அவையும் ஒருநாள் சாகத்தானே போகின்றன? மழைக்காலத்தில் செத்துத் தொலைத்தால் உப்பு பிடிக்காது. அதனால் வெயில் இருக்கும்போதே முடித்துவிட்டேன். வலிக்காமல் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு பேழை இல்லத்தில் ஒரு ஜீவன்கூடப் பசி என்று கத்தியதில்லை. எத்தனை பூங்கா அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? தீனி போட ஆள் தேவைப்படாததால் வேலைக்காரரையும் நிறுத்திவிட்டேன். தீவனத்துக்கு வந்த பணம் பேங்கில் அப்படியே தூங்குகிறது, போய்ப் பாருங்கள்.

உப்பு கொண்டுவருகிற அப்பாவு மட்டும் ஒருதரம் வாய்விட்டுக் கேட்டான். "ஏம்மா, இம்மாம் உப்பு எதுக்கு? ஊறுகாய் கம்பெனி எதுனா வெக்கப் போறீங்களா?"

"விலங்குங்களுக்குத்தாம்ப்பா" என்றேன். மாடு உப்பு நக்கும் என்பது தெரிந்தவன்தானே, தலையாட்டிவிட்டுப் போனான். நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மேத்யூ சாருக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு கண்ணிலும் புரை. தூரத்தில் ஒட்டகம் நிற்பது மங்கலாகத் தெரியும், அதுவே அவருக்குப் போதும். அவருக்கு ஆசை எல்லாம் அந்த நட்சத்திரத்தின் மேல்தான். சென்னையில் ஒரு நிறுவனம் இருக்கிறது. டிரஸ்டுகளின் வரவு செலவு ஒழுங்காக இருக்கிறதா, பொறுப்பில் இருப்பவர்கள் பொறுப்பாக இருக்கிறார்களா என்று ஆள் அனுப்பிப் பார்த்து நட்சத்திரம் கொடுப்பார்கள். "சாவறதுக்குள்ள அஞ்சு நட்சத்திரம் பாத்துடணும் மேரி" என்பார். வாங்கித் தருகிறேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். நான் செய்த எல்லாமே அந்தச் சத்தியத்துக்காகத்தான்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தவர், நேராகப் போய் ஒட்டகத்தின் கழுத்தைத் தடவினார். தடவின கையைப் பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு வேலியாகப் போனார்.

"அடிப்பாவி. என்ன பண்ணி வெச்சிருக்க?"

"காப்பாத்தி வெச்சிருக்கேன் சார்."

சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. "எல்லாருக்கும் உண்மையச் சொல்லிடணும். இழுத்துப் பூட்டிடலாம்" என்றார்.

"நட்சத்திரம் வர்ற நேரத்துலயா சார்?"

"தவக்காலம் முடியட்டும். ஈஸ்டர் அன்னிக்கு நானே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்றேன்."

தவக்காலம் முழுக்க அவருக்குக் கஞ்சிதான், நான்தான் காய்ச்சிக் கொடுப்பேன். இதயம் பலவீனம் என்று டாக்டர் உப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். வழக்கமாக என் கஞ்சியைக் குடித்து முகம் சுளிப்பார். கண் சரியானாலும் நாக்குக்கு வயசாகிவிட்டது போலிருக்கிறது. அந்தத் தவக்காலத்தில் மட்டும், "இப்பதான் மேரி, உன் கையில ருசி வந்திருக்குது" என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். கோபம் இருந்தாலும் சாப்பாட்டைக் குறை சொல்லாத மனுஷன். பாவம், கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. புனித வெள்ளி அன்று சாயங்காலம் போய்விட்டார். நல்ல நாள்.

நட்சத்திரம் கொடுக்கிறவர்களின் விதிப்படி, மதிப்பீட்டுக்கு வருகிறவர் நிறுவனரை நேரில் பார்த்தே ஆக வேண்டும். வேறு யாராவது இருந்தால் ஒரு கிழவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள். அது மோசடி என்று முன்பே சொன்னேன். அந்த வருஷம் கத்திரி வெயிலும் நன்றாகக் காய்ந்தது. கோயிலில் யாராவது சார் எங்கே என்று கேட்டால், "முடியல, உள்ளதான் இருக்கார்" என்றேன். உள்ளேதான் இருந்தார்.

ஒரே ஒரு தப்பு நடந்தது. அது என்னுடையது அல்ல. உப்பளத்துக்காரன் ஐப்பசி மழையில் பாத்தியில் கால் வைக்க மாட்டான். அந்த நேரத்தில் போய் மதிப்பீடு வைத்தார்கள். செந்தமிழ் என்று ஒரு பெண் வந்தாள், நல்ல பிள்ளை. வெளியே மழை கொட்டுகிறது. அவள் கணக்கை எல்லாம் பார்த்து அசந்துபோனாள்.

"சம்பளம் இல்ல, நிர்வாகச் செலவு இல்ல. இப்படி ஒரு டிரஸ்ட நான் பாத்ததே இல்ல மேடம். ஆனா தீவனச் செலவும் இல்லையே? உப்பு மட்டும்தான் இருக்குது."

"இதுங்க வேற எதுவும் கேக்கறதில்லம்மா."

சிரித்துவிட்டாள். உயிரோடு இருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. சாரைப் பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். கறுப்புக் கண்ணாடி, வேட்டி, ஜிப்பாவோடு ஜன்னலோரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மழை ஈரத்துக்கு உப்பு கசிந்து, நெற்றியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, சாருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதே" என்று தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். யாருக்கு வரும் அந்த மனசு? மீசையும் கைக்குட்டையோடு வந்துவிட்டது. கொஞ்சம் பயந்த சுபாவம் போலிருக்கிறது, கீழ்புத்துப்பட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே போய்விட்டாள். அவளைப் பார்த்தால் எனக்காக விசாரியுங்கள்.

மேத்யூ சார் செத்த எத்தனையாவது நாள் உப்பிட்டேன் என்றுதானே கேட்டீர்கள்? அங்கேதான் உங்களுக்கும் கருவாடு போடத் தெரியவில்லை என்கிறேன். செத்த பிறகு போட்டால் மேலோடு நின்றுவிடும். நான் சாம்பல் புதன் அன்றே தொடங்கிவிட்டேன். வேளாவேளைக்குக் கஞ்சியில், கைநிறைய.

எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். கஞ்சியில் போட்டது என் வீட்டு உப்பு, என் சொந்தக் காசில் வாங்கியது. டிரஸ்ட் மூட்டையிலிருந்து ஒரு கல் எடுத்திருந்தால் என்னைத் தூக்கில் போடுங்கள்.