கழுத்துப் பூட்டைத் திறந்த கைகள்

வளைந்து வந்தவர்களை நிமிர்த்தி அனுப்பிய வல்லவரே! எலும்புப் பிரிவின் தலைமையில் அமர்ந்து, எங்களை ஏசியும் பேசியும் ஆளாக்கிய எங்கள் டாக்டரம்மாவே! நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று கூன் போட்டு உட்காராதீர்கள். திட்டுவது இன்று எங்கள் முறை!

"ஒவ்வொரு முள்ளெலும்பும் மேலே உள்ளதைத் தாங்குது, கீழே உள்ளதைப் பிடிச்சுக்குது. முன்னால மெத்தை மாதிரி வட்டு. பின்னால கூரை ஓடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு படியுற முனைகள். அதனாலதான் வளையவும் முடியுது, வழுக்காம நிக்கவும் முடியுது." இதை நீங்கள் சொல்லாத நாளுண்டா! ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர் வந்த அன்றுதான் அது எங்களுக்கு உறைத்தது.

அவர் கழுத்தில் ஒரு முள்ளெலும்பின் முனைகள், கீழுள்ளதன் முனைகளைத் தாண்டிக் குதித்து மாட்டிக்கொண்டிருந்தன. காக்க வேண்டிய பூட்டே தண்டுவடத்தை நெரித்தது. தூரிகை பிடிக்கும் வலக்கை விரல்கள் அசையவில்லை. தாமதித்தால் கால்களும் போய்விடும்.

"மயக்கம் கொடுத்துடலாமா மேடம்?" என்றோம்.

"வேணாம். அவர் பேசணும். நரம்பு நசுங்கினா அவர்தான் முதல்ல சொல்வார்" என்றீர்கள். தலைத் தோலை மட்டும் மரக்கச் செய்து, இடுக்கி பொருத்தி, கழுத்தை இழுக்க அதில் தொங்கவிட்ட எடையைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினீர்கள்.

"பேச்சை நிறுத்தாதீங்க தம்பி. யாரையாவது திட்டுங்க."

"என் மச்சானைத் திட்டவா டாக்டரம்மா? ஏணியைப் பிடிடான்னா போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்!"

"நல்லாத் திட்டுங்க. காலை ஆட்டுங்க."

"ஆட்டுறேன். எழுந்து உதைக்கத்தான் முடியல!"

எக்ஸ்ரேயில் முனையோடு முனை வந்து நின்றது. இன்னும் எடை ஏற்றத் துடித்தோம் நாங்கள். நீங்களோ அவர் தலையை இரு கைகளில் ஏந்தி, மயிரிழை முன்னே சாய்த்து, மெல்லப் பின்னே நிமிர்த்தினீர்கள். 'டக்' என்றது! பெயின்டரின் பேச்சு நின்றது.

"தம்பி, கை?"

நடுவிரல் துடித்தது. பிறகு கட்டைவிரல். உங்கள் சுண்டுவிரலை அவர் பிடித்த பிடியில், "ஐயோ, விடுங்க தம்பி!" என்று கத்தியவர் நீங்கள்தான்! அந்தக் கத்தலுக்கு நாங்கள் தட்டிய கைதட்டலில் பக்கத்து வார்டே ஓடி வந்தது.

அம்மா, உங்கள் உடம்பின் ஒவ்வொரு மூட்டும் உங்கள் சொல் கேட்டு நடக்க, நோயின்றி நெடுநாள் வாழ்க! இனி இங்கு வரும் எந்தக் கழுத்தையும் அவசரப்பட்டு இழுக்க மாட்டோம். இது உறுதி!

என்றும் நிமிர்ந்த நன்றியுடன்,
எலும்புப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள்