நாற்பத்திரண்டாம் வண்டியின் களிமண்

மேடையில் வீற்றிருக்கும் பந்தயக் கழகத் தலைவர் அவர்களே, பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணியே, அண்ணனின் மகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஸ்பேனர் பிடித்துத்தான் பழக்கம், மைக் பிடித்துப் பழக்கமில்லை. தலைவர் ஐந்து நிமிடம் என்றார். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனிதரை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியுமா? ஆனால் வளவளவென்று பேசினால் அண்ணனுக்கும் பிடிக்காது. முயற்சி செய்கிறேன்.

ஃபோர்க் அண்ணன்! பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, நமக்கெல்லாம் அவர் ஃபோர்க் அண்ணன்தான். வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றனவே, அதுதான் ஃபோர்க். தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்ட மண்மேடுகளில் தாவி ஓடும் நாற்பது வருடத்துப் பழைய மோட்டோகிராஸ் பந்தய வண்டிக்கு, வேறு யாரோ செய்த புது ஃபோர்க்கைப் பொருத்தி மறுபடி மேட்டில் பறக்க வைத்தவர் யார்? எல்லாக் கடையும் திருப்பி அனுப்பிய வண்டியை, "உள்ள தள்ளு, பாப்போம்" என்று வாங்கிக்கொண்டவர் யார்? நூற்றுப் பதினேழு வண்டிகள்! ஒன்றைத் தவிர எதுவும் யாரையும் கீழே தள்ளியதில்லை. அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

புது ஃபோர்க் என்றால் வாங்கி வந்து போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பேரிங் அளவு சேராது, நீளம் கூடும். அதையெல்லாம் லேத்தில் கடைந்து சரிக்கட்டிவிடலாம். ஆனால் வண்டி தாவி இறங்கும்போது ஃபோர்க் முழுக்க அமுங்கும். அப்போது முன்டயர் மேலேறி, இன்ஜினுக்கு முன்னால் வளைந்து வரும் சைலன்சர் குழாயில் முட்டினால் தீர்ந்தது. நிற்கிற வண்டியில் இது தெரியாது. அதனால் அண்ணன் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றுவார், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையைக் குழாயில் ஒட்டுவார், வண்டியை அடிவரை அமுக்குவார். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் டயருக்கும் குழாய்க்கும் நடுவில் மிச்சமிருக்கும் இடம். சுண்டுவிரல் கனமாவது இல்லாத வண்டி பட்டறையைத் தாண்டாது. அதற்குப் பிறகும் முதல் ஓட்டம் அவருடையது. "முதல்ல என் எலும்பு, அப்புறம் அடுத்தவன் எலும்பு" என்பார்.

நாற்பத்திரண்டாவது வண்டி, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் ரொட்டிக் கடைக்காரருடையது. மறுநாள் போட்டி. அண்ணிக்குக் காய்ச்சல் என்று அண்ணன் வீட்டில் இருந்தார். வேலையை நான் முடித்தேன். ஸ்பிரிங்கைத் திரும்பக் கழற்றச் சோம்பல். ஏறி உட்கார்ந்து நாலு முறை அமுக்கிப் பார்த்தேன், முட்டவில்லை, போதும் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்ததும் அண்ணன் கேட்டார்: "களிமண் வச்சுப் பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே" என்றேன்.

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். மூன்றாவது மேட்டில் இறங்கும்போது டயர் குழாயில் முட்டிச் சிக்கியது, அண்ணன் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்து போய் விழுந்தார். தோள்பட்டை எலும்பு இரண்டு துண்டு. ரொட்டிக் கடைக்காரரிடம் என்ன சொன்னார் தெரியுமா? தப்பு எங்க பட்டறையோடது, வண்டியைத் திரும்பச் செய்து தருகிறோம் என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வண்டியிலிருந்து களிமண் வேலையை முழுக்க என் கையில் கொடுத்துவிட்டார். மாட்டாமல் தப்பித்தோம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!

அண்ணன் பாதியில் விட்டுப்போனது நூற்றுப் பதினெட்டாவது வண்டி. அது அவர் மகளுடையது. நாளை மறுநாள் அவள் அதில் போட்டிக்குப் போகிறாள். அதை முடிக்க, முந்தாநாள் நானும் அவளும் அண்ணனின் அலமாரியைத் திறந்தோம். உள்ளே ஒரு பலகை. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் எண், ஒரு தேதி, அதன் மேல் நசுங்கிய களிமண். தூக்கி எறிந்திருப்பார் என்று நான் நினைத்தவை அத்தனையும் வரிசையாக இருந்தன. நாற்பத்திரண்டுக்கு எண் இருந்தது, தேதி இருந்தது, களிமண் மட்டும் இல்லை.

அவருக்குத் தெரியும். பதினேழு வருடமாகத் தெரியும்.

"இது ஏன் சித்தப்பா காலியா இருக்கு?" என்றாள் மகள். மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். நான் முடிக்கும் வண்டியில் ஏறப் போகிறவள் அவள்தானே? வேறு பட்டறைக்குக் கொண்டு போகிறேன் என்றாலும் நியாயம்தான் என்றேன். அவள் நாற்பத்திரண்டுக்குப் பிறகு இருந்த களிமண்ணை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு களிமண் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அதுக்கப்புறம் எழுபத்தஞ்சு வண்டி, நீங்க வச்ச களிமண்ண நம்பித்தான் அப்பா ஏறியிருக்காரு. எனக்கும் நீங்களே வைங்க."

இப்படி ஒரு மனிதரிடம் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எத்தனை பெருமை! இந்தச் சபை அறியச் சொல்கிறேன். பட்டறை திறந்தே இருக்கும். களிமண் வைக்காமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது. முதல் ஓட்டம் இனி என்னுடையது. நேற்றுக் காலை மகளின் வண்டியை நான்தான் ஓட்டினேன், முழங்கால் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறது. பலகையில் நாற்பத்திரண்டாம் இடம் எனக்காகக் காலியாகவே இருக்கட்டும்.

கடைசியாக அண்ணனின் அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச அனுமதியுங்கள்.

அண்ணே, அன்னைக்கு நான் பாக்கல. பொய் சொன்னேன். நூத்திப் பதினெட்டுக்கு வச்சுப் பாத்துட்டேன்ணே. சுண்டுவிரலுக்கு மேலயே இருக்கு.