படித்துறை இல்லாத கொழும்பு

"படிச்ச பிள்ள ஒரு இடத்துல நிலைச்சு இருக்குமா?" என்று பெரியப்பா ஒருமுறை அப்பாவிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்த பிள்ளை நான்தான்.

தூத்துக்குடி போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில், எனக்கு எதிரே இரண்டு பேர். கொழும்பில் குடியிருக்கும் மூத்தவள், தன் நாத்தனாரை, அங்கே வேலை பார்க்கும் அவள் புருஷனிடம் கொண்டுவிட அழைத்துப் போகிறாள். வழியில் மணியாச்சியில் இறங்கி ஊருக்கே திரும்பிவிடப் போவதாக இளையவள் முரண்டு பிடித்தாள்.

"அங்கன ஆத்துல குளிக்கலாமா, மதினி?"

"ஆறு எதுக்குட்டி? வாசல்லயே குழாயில தண்ணி கொட்டுது. ராத்திரி தெருவெல்லாம் விளக்கு எரியுது."

"அப்பொ படித்துறையே கிடையாதா? நாலு பொம்பளைய எங்கன நின்னு பேசுவீய?"

"அப்படி என்னத்தப் பேசணும் ஒனக்கு?"

"என் மாமியாளப் பத்தித்தான்."

"அவதான் கொழும்புக்கு வரலியே."

இளையவள் மடியிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தாள்.

"அதும் சரிதான். மாமியா இல்லாத ஊர்ல படித்துறை என்னத்துக்கு?"

மணியாச்சி வந்தது. அவள் காலை மடக்கிப் பலகையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். கொழும்புப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, தூத்துக்குடியில் அவர்கள் ஏறப்போகும் அதே கப்பலுக்கு நானும் சீட்டு எடுத்திருந்தேன்.