சடுகுடு வீரன் உதட்டில் வைத்த சிகரெட்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரியவர் கைலாசம் அவர்களே! ஆத்தூர் மண்ணின் சான்றோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! சடுகுடுக் கோப்பைக்குக் காத்திருக்கும் காளையரே! தாழ்ந்த தலையோடு வணங்குகிறேன்.

தலை ஏன் தாழ்ந்தது என்கிறீர்களா? சொல்கிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டி தோமினிக்கை நீங்கள் அறிவீர்கள். சேலத்து மில் தொழிலாளி; சடுகுடு வீரர். பாடிக்கொண்டு புகுந்தால், திரும்பிக் கோட்டைத் தொடும் வரை மூச்சு முறியாது. புகையைத் தீண்டாத மனிதர். அவரிடம் ஒரு சிகரெட் கம்பெனிக்காரர் வந்தார். "பத்த வைக்க வேண்டாங்க, படத்துக்குச் சும்மா உதட்டுல வைங்க, போதும்" என்றார். வைத்தார். படம் வந்தது. படத்தின் அடியில் எழுத்தும் வந்தது: 'மூச்சு முறியாத வீரன் விரும்புவது!'

சேலம் தொடங்கிக் கெங்கவல்லி வரை டீக்கடைதோறும் தோமினிக் சிரித்தார். நாம் என்ன செய்தோம்? 'நம்ம ஊர் ஆள்' என்று மார் தட்டினோம். பொய் என்று தெரிந்தும் படத்தை ஒட்டச் சுவரைக் கொடுத்தோம்! வெட்கம், பெரியோர்களே, வெட்கம்!

சென்ற ஆண்டுப் பொங்கல் பந்தயம். தோமினிக்கின் அணியில் நாச்சிமுத்து, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை, மீசை அரும்பும் வயது. கடைசியாகப் பாடிப் போனான். ஒருவரைத் தொட்டான். திரும்பினான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் இருமல் வந்தது. பாட்டு அறுந்தது. அமுக்கிவிட்டார்கள். சிரிக்காதே தம்பி, இது சிரிக்கிற கதையல்ல!

தூக்கி நிறுத்திய தோமினிக் கேட்டார்: "மூச்சு எங்கடா போச்சு? என்னடா வாடை இது?"

"சிகரெட்டுங்ண்ணா."

"யாருடா பழக்கினது?"

"நீங்கதானுங்ண்ணா. உங்க படத்துல போட்டிருந்துச்சுங்களே, மூச்சு முறியாதுன்னு. அதைப் பார்த்துத்தான்..."

தோமினிக் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் கடை கடையாகப் போய்த் தம் படத்தைத் தாமே கிழித்தார். ஒரு கடையில் ஓர் இளைஞன், "காசு வாங்கிட்டுத்தான நின்னீங்க? இப்ப ஏங்க கிழிக்கிறீங்க?" என்றான்.

"ஆமாப்பா, வாங்கினேன். ஆனா அதை நான் பத்த வெச்சதே இல்ல. அந்தப் படம் பொய்ப்பா."

அவன் நம்பவில்லை. அவர் முகத்துக்கு எதிரிலேயே ஒன்றைப் பற்ற வைத்தான்.

நாச்சிமுத்துவா? இந்த ஆண்டு ஆடவில்லை. விடப் பார்க்கிறான், இன்னும் முடியவில்லை. நான் ஊரறியச் சொல்கிறேனே என்று தோமினிக்குக்காக வருந்தாதீர்கள். "பேரைச் சொல்லியே பேசுங்க" என்று என்னை அனுப்பியவரே அவர்தான்.

கடையில் பற்ற வைத்த அந்த இளைஞனை ஏசுவேனா? மாட்டேன்! பெற்றவர் சொன்னது காதில் ஏறவில்லை, பேசாத படம் சொன்னது நெஞ்சில் ஏறியது. ஏன்? படம் சிரித்துச் சொன்னது. நாம் சிடுசிடுத்துச் சொன்னோம்!

தலைவர் பொறுத்தருள வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்த விளம்பரத் திரையைக் கொடுத்தது யார்? அதே சிகரெட் கம்பெனி! பரிசு வாங்கும் பிள்ளைகள் இதன் கீழா நிற்பது?

என்ன தாயே? 'இறக்குங்க சாமி' என்கிறீர்களா? இதோ, தலைவரே எழுந்துவிட்டார். கயிற்றை அவரே அவிழ்க்கிறார். விழட்டும்! பின்னால் வெறும் வானம்தான் தெரிகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த அலங்காரம் போதும்.

குத்திப் பேசியும் கோபியாமல் கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, இனிப் பரிசுகளுக்கு வழிவிட்டு அமர்கிறேன். வணக்கம்!