மதிப்பு வந்தது, ஊதியம் எங்கே?

அலைகடல் அருகிருக்க, அதையும் மிஞ்சும் ஆரவாரத்தோடு இந்தப் பெசன்ட் நகர் சமூகக் கூடத்தை நிறைத்திருக்கும் அன்னையரே! அவர்களுக்கு அஞ்சி அமைதியாக அமர்ந்திருக்கும் தந்தையரே! வயதாலும் பொறுமையாலும் மூத்த பெரியோரே! கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மாமன்ற உறுப்பினர், அண்ணன் அறிவு அவர்களே! அறிவு நாற்காலியில் இருக்கிறது. ஒலிபெருக்கி முன்னால் நான் நிற்கிறேன். விதி வலியது. உங்கள் அனைவருக்கும் குருபிரசாத்தின் பணிவான வணக்கம்.

என் இடுப்பில் இருப்பவள் என் மகள் ஜானு. வயது இரண்டு. இதை விளம்பரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஃப்ளோரா அம்மையாரின் குழந்தைகள் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிட்டது. என் மனைவி ஹம்சாவுக்குப் பெருங்குடி அலுவலகத்தில் இரவு வரை வேலை. "மேடை மேடையா தாய்மையப் பத்தி முழங்கறேளே, இன்னிக்கு நீங்களே கொழந்தையப் பாத்துண்டு பேசுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஜானு, மைக்கைக் கடிக்காதே கண்ணு. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

தாய்மை! தாய்மையைப் பற்றி நான் முழங்காத மேடை மயிலாப்பூரில் உண்டா? மாம்பலத்தில் உண்டா? மழலை என்பது மண்ணில் இறங்கிய விண்ணமுது என்றேன். கைதட்டினீர்கள். அந்த அமுதின் மூக்கை யார் துடைக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? நேற்று வீட்டில் நானே துடைக்கப் போனேன். முடிக்கும்போது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.

என்ன அங்கே சத்தம்? ஆட்டோ ஓட்டும் அண்ணன் அக்பர் பாஷா எழுந்துவிட்டார். "இன்னா நைனா, மேட்டருக்கு வா! புள்ளைங்க தூங்கிடப் போவுது!" வந்துவிட்டேன் அண்ணே, இதோ வந்துவிட்டேன்!

ஃப்ளோரா அம்மையாரின் காப்பகத்தில் வீட்டு வேலை செய்பவரின் பிள்ளையும் உண்டு, கணினி தட்டுபவரின் பிள்ளையும் உண்டு. அங்கே பணிபுரிவோருக்கு அரசு உதவி வருகிறது. அதற்குப் பெயர் மதிப்பூதியம். என்ன சொல்! என்ன சுவை! அந்தச் சொல்லழகை வியந்து நானே அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். மதிப்பு மாதா மாதம் வந்துவிடுகிறது. ஊதியம்தான் வழியில் எங்கோ டீ குடித்துக்கொண்டு நிற்கிறது. ஃப்ளோரா அம்மையாரோடு உழைக்கும் கமர் ஜஹான் அக்காவை அசோக் நகரில் ஒரு வீட்டில் சமையலுக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒழுங்காகச் சம்பளம். இந்த மாதத்தோடு போகிறார். குற்றம் சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? எனக்கு இருக்கிறது. ஆனால் அது எதற்கும் உதவாத வாய்.

அக்கா போனால் தனியாகச் சமாளிக்க முடியாது, காப்பகத்தை மூடுகிறேன் என்கிறார் ஃப்ளோரா. மூடினால்? ஹம்சா வேலையை விட வேண்டும். எங்கள் வீட்டில் சம்பாதிப்பது அவள். நான் கொண்டுவருவது பொன்னாடை. பொன்னாடையை நீட்டினால் பால்காரர் பால் ஊற்றுவாரா? இங்கே இருக்கும் எத்தனை வீட்டில் இதே பயம்! எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, ஐயா.

ஐயோ, அழுகிறாளே! அழாதேடா தங்கம்... ஃப்ளோரா அம்மா, முன்வரிசையில்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்களேன்! தாயினும் மேலான தாயே! தரையில் நடக்கும் தெய்வமே! என்ன சொல்கிறார்?

"ஆறு மணி தாண்டிடுச்சு சார். இப்ப நான் தாயும் இல்ல, தெய்வமும் இல்ல. கூட்டம் கேக்க வந்திருக்கேன்."

சிரியுங்கள்! நன்றாகச் சிரியுங்கள்! இத்தனை ஆண்டு பேசி நான் சொல்லாததை அவர் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டார். தாய் என்றோம், தாய்க்கு எவன் சம்பளம் கொடுப்பான்? தெய்வம் என்றோம், தெய்வத்துக்கு வாடகை உண்டா, வயிறு உண்டா? பட்டம் கொடுத்தே பட்டினி போட்டோம்! பட்டம் கட்டியவர்களில் முதல் ஆள் நான். அது வேலை ஐயா, வேலை! முதுகு ஒடியும் வேலை! வேலைக்கு வேண்டியது கூலி, என் கவிதை அல்ல!

தீர்மானத்தைப் படிக்க இரண்டு கையும் வேண்டும். அறிவு அண்ணே, ஜானுவைக் கொஞ்சம் பிடியுங்கள்.

குழந்தைகளைக் காப்போருக்கு மதிப்பூதியம் வேண்டாம், மாதந்தோறும் தவறாத சம்பளம் வேண்டும்! வேலைக்குப் போகும் எளிய குடும்பங்களின் காப்பகக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்க வேண்டும்! அடுத்த மாமன்றக் கூட்டத்திலேயே அண்ணன் அறிவு இதை எழுப்ப வேண்டும்!

அடடா, அண்ணனின் கண்ணாடி போயிற்று. வெள்ளை வேட்டியும்... மன்னிக்க வேண்டும், அது தண்ணீர் அல்ல. அண்ணன் ஏதோ கேட்கிறார். "தம்பி, இன்னும் எவ்ளோ நேரம்பா நான் வச்சிருக்கணும்?"

கேட்டீர்களா, அன்னையரே? ஒரே ஒரு பிள்ளை! ஒரே ஒரு தீர்மானம் படிக்கும் நேரம்! அண்ணே, மாமன்றத்தில் போய் இதே கேள்வியை, இதே குரலில், இதே ஈர வேட்டியோடு கேளுங்கள். கேட்பேன் என்று இந்த அவையில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன். சொல்லும் வரை அவள் உங்கள் மடியிலேயே இருக்கட்டும், எனக்கு அவசரமில்லை.

பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.