பத்து நாய்க்கும் வெட்டின காது

உட்காருங்க பிள்ளைங்களா... நாளைக்கு ஆராய்ச்சிக்கூடத்துல வெள்ளைக் கோட்டு மாட்டப்போற ஆளுங்க நீங்க. உங்க தலையில ஒரு சின்னக் கதையை இறக்கி வச்சிட்டுப் போறேன்.

ஒரு மருந்து ஆராய்ச்சி நிலையம். எப்பேர்ப்பட்ட நிலையம்? வாசல்ல இருந்து இயக்குநர் அறைக்கு நடந்து போறதுக்குள்ள ரெண்டு தடவை பசிக்கும்! இயக்குநர் டாக்டர் சிகாமணி. அவர் வாங்கின பட்டங்களை ஏத்த தனியா ஒரு லாரி வேணும். அவரு நாய்களுக்குப் புதுசா வெறிநோய்த் தடுப்பூசி ஒண்ணு செஞ்சாரு. போட்டுப் பார்க்கப் பத்து நாய் தேவை.

விதி என்ன? பதிவு பெற்ற பண்ணையில பிறந்து வளர்ந்த நாயா இருக்கணும். அதுக்கு முன்னாடி வெறிநாய் ஊசி போட்டிருக்கவே கூடாது.

ஒருத்தன் வேன்ல கொண்டுவந்து இறக்கினான். பத்து நாய், பத்துச் சான்றிதழ். நாயெல்லாம் எலும்பும் தோலும்... சான்றிதழ் மட்டும் கொழுகொழுன்னு இருக்கு.

நாய்க்கூண்டு கழுவுற கனகவல்லி அதுங்களைப் பார்த்தாங்க. நேரா இயக்குநர்கிட்ட போனாங்க.

"ஐயா, பத்துக்கும் காது நுனி வெட்டியிருக்குங்க."

"அது பண்ணை அடையாளம்மா."

"இல்லீங்கய்யா. தெருநாயைப் பிடிச்சுக் கருத்தடை பண்ணி, வெறிநாய் ஊசியும் போட்டு, அடையாளத்துக்குக் காதை வெட்டி விடுவாங்க. எங்க தெருவுல எல்லாம் இப்படித்தான். பண்ணையை விட்டு வெளியவே வராத நாய்ங்கிறீங்க... வேன்காரன் ஹாரன் அடிச்சா பத்தும் ஓரமா ஒதுங்குதே?"

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதாங்கய்யா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாருங்க."

பார்த்தாரா? பார்க்கலை. "நாளையில இருந்து வேலைக்கு வராதே"ன்னாரு.

ஊசி போட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்தாங்க. ஆகா... பத்துக்குப் பத்து எதிர்ப்புச் சக்தி! சிகாமணி வெட்டின கேக்குல ஒரு மாவட்டமே பசியாறியிருக்கலாம். ஆனா அந்த எதிர்ப்புச் சக்தி யாரு குடுத்தது? எந்தக் காலத்துலயோ மாநகராட்சி போட்ட ஊசி குடுத்தது! இவரு பச்சைத் தண்ணியைக் குத்தியிருந்தாலும் பத்துக்குப் பத்துதான் வந்திருக்கும்.

மருந்து கடைக்கு வந்துச்சு. ஒரு வீட்டுல ஆசையா வளர்த்த நாய்க்கு வாங்கிப் போட்டாங்க. மருந்து பலிக்காம, வெளியில தெரியாம வெறிநோய் பிடிச்சிருந்த அந்த நாய் ஒருநாள் அந்த வீட்டு ஏழு வயசுப் பொண்ணைக் கடிச்சுது. "நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே"ன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டாங்க...

அந்தப் பொண்ணு இன்னிக்கு இல்லை.

இப்ப ஏன் யாரும் சிரிக்கலை? எனக்கும் சிரிப்பு வரலை. வயிறு எரியுது!

வாயில்லாத ஜீவன்தானே, எங்க இருந்து தூக்கிட்டு வந்தா என்ன, யார் கேட்கப்போறான்னு நினைச்சாங்க. கேட்க ஒருத்தங்க வந்தாங்க. படிக்காத பொம்பளைன்னு துரத்திட்டாங்க. நாய் விஷயத்துல ஏமாத்தினவன் நாயோட நிறுத்தலை பார்த்தீங்களா? விஞ்ஞானத்தை ஏமாத்தினான். கடைசியில ஒரு குழந்தையையே ஏமாத்திட்டான்.

நாளைக்கு உன் மேசைக்கும் அப்படி ஒரு சான்றிதழ் வரும். "சும்மா ஒரு கையெழுத்து சார்"னு பல்லைக் காட்டுவான். அப்ப எழுந்திரு. கூண்டு வரைக்கும் நடந்து போ. அங்க தண்ணி வைக்கிற ஆளைக் கூப்பிட்டு, "இதுங்க எங்க இருந்து வந்துச்சு?"ன்னு கேளு. அவங்க பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் திறக்காதே.