செத்தவன் வீட்டு அரிசி

ஏரியைக் கடக்கும் படகில் எனக்கு முன்னால் இரண்டு படகோட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். டச்சுக் கோட்டைக்காகக் கப்பல் சரக்கை இறக்கியவர்கள். இப்போது வேலை இல்லை.

“அவன் சாவாம இருந்திருந்தா நம்ம பொழப்பு போயிருக்காதுடா,” என்றார் மூத்தவர்.

“இன்னாண்ணே பேசற? நம்மகூட சரக்கு எறக்கறப்ப அலையில செத்தவன் பொஞ்சாதிக்கு அரிசி குடுன்னு எல்லாரும் ஒண்ணாத்தானே வேலைய நிறுத்தனோம்? இப்ப கோட்டையில குடுக்கறாங்க இல்ல?”

“குடுக்கறாங்க. நம்ம எடத்துக்கு வடக்கேருந்து வேற ஆளுங்களயும் கொணாந்துட்டாங்க. நம்ம புள்ளைங்களுக்கு யார் குடுப்பாங்க?”

பின்னால் முக்காட்டோடு இருந்த பெண் மெல்லக் கேட்டாள்: “அந்த அரிசி வேணான்னு நான் சொல்லிட்டா, உங்கள மறுபடி கூப்புடுவாங்களாண்ணே?”

அவள் யாரென்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

“நீ வாங்கிக்கோ தங்கச்சி,” என்றார் துண்டுக்குள்ளிருந்தே.

கரை தட்டும்வரை யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும்தான்.